அடுத்த மேசைக்காரர் அதே படத்தை வரைய வேண்டும்: தரவுப் பட ஆய்வுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையைக் கடந்தது. மறுநாள் காலை எட்டரை மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் புதுச்சேரியில் 48 செ.மீ.க்கு மேல் மழை பதிவானது. அந்த ஆண்டு மழையை மாதவாரியாகக் காட்டும் பட்டைப் படத்தை எங்கள் ஆய்வறையில் இரண்டு மாணவர்கள் தனித்தனியாக வரைந்திருந்தார்கள். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் நவம்பர் பட்டையும் பொருந்தவில்லை, டிசம்பர் பட்டையும் பொருந்தவில்லை. ஆண்டு மொத்தம் மட்டும் கிட்டத்தட்ட ஒத்துப்போனது.

காரணம் கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆனது. இந்திய வானிலை ஆய்வுத் துறையின் வழக்கப்படி, காலை 8.30-க்கு அளக்கும் மழை அன்றைய தேதியில்தான் எழுதப்படும். அதாவது நவம்பர் 30 பகலிலும் இரவிலும் கொட்டியது முழுக்க டிசம்பர் 1-இன் கணக்கில் விழும். ஒருவர் அந்தத் தினசரி அட்டவணையை அப்படியே எடுத்துக் கூட்டியிருந்தார். மற்றவர் தானியங்கிக் கருவியின் மணிவாரி அளவை எடுத்து, நள்ளிரவுக்கு நள்ளிரவு ஒரு நாள் என்று கூட்டியிருந்தார். இரண்டு பேர் கூட்டலிலும் தப்பில்லை. எந்த விதிப்படி கூட்டினோம் என்று இருவருமே எங்கும் எழுதி வைக்கவில்லை, அவ்வளவுதான்.

அன்றிலிருந்து எந்தப் படம் வந்தாலும் நாங்கள் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: அடுத்த மேசையில் உட்கார்ந்திருப்பவர், உங்களுக்கு ஒரு போன்கூடப் போடாமல், இதே படத்தை வரைய முடியுமா? கடலூர், புதுச்சேரிக் கல்லூரிகளில் தரவை வைத்துப் படம் வரைந்து ஆய்வேடு எழுதுகிறவர்களை மனத்தில் வைத்து, அந்தக் கேள்விக்கு "முடியும்" என்று சொல்ல என்னென்ன செய்ய வேண்டும் என்பதை இங்கே வரிசையாக எழுதுகிறேன். உதாரணங்கள் பெரும்பாலும் மழையிலிருந்து வரும். இந்தக் கரையில் வாழ்கிறவர்களுக்கு அதுதான் கைக்கெட்டும் தரவு.

சொற்களை முதலில் பிரித்துக்கொள்வோம்

அதே தரவு, அதே நிரல், அதே படம் வருகிறதா என்று பார்ப்பது ஒன்று. இதை மீளுருவாக்கம் என்போம். புதிதாகத் தரவு திரட்டி, புதிதாகச் சோதனை செய்து, அதே முடிவு வருகிறதா என்று பார்ப்பது வேறொன்று. இதை மறுசோதனை என்போம். ஆங்கிலத்தில் இந்த இரண்டுக்கும் உள்ள சொற்கள் (ரீப்ரொடியூசிபிலிட்டி, ரெப்ளிகபிலிட்டி) துறைக்குத் துறை மாறிக் குழம்பிக் கிடந்தன. அமெரிக்க தேசிய அறிவியல் கழகங்களின் 2019 அறிக்கை எந்தச் சொல்லுக்கு எந்தப் பொருள் என்று தெளிவாக்கியது. கணினியியல் சங்கமான ஏசிஎம் அதுவரை இரண்டு சொற்களையும் தலைகீழாகப் பயன்படுத்தி வந்தது, 2020-இல் இடம் மாற்றிக்கொண்டது. ஆகவே பழைய கட்டுரைகளைப் படிக்கும்போது ஆண்டைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தரவுப் படத் துறையில் மறுசோதனைக்கு நல்ல முன்மாதிரி உண்டு. 1984-இல் கிளீவ்லாந்தும் மெக்கிலும் மனிதக் கண் எதைச் சரியாக அளக்கிறது என்று சோதித்தார்கள். பொதுவான ஓர் அளவுகோலில் இடத்தை ஒப்பிடுவதில் கண் கெட்டி, கோணத்தை அளப்பதில் சொதப்பும் என்று தெரிந்தது. 26 ஆண்டு கழித்து, 2010-இல், ஹீரும் போஸ்டாக்கும் அதே சோதனையை இணையத்தில் கூலிக்கு வேலை செய்பவர்களை வைத்துத் திரும்ப நடத்தினார்கள். முடிவு பெரும்பாலும் ஒத்துப்போனது. பட்டைப் படம் வட்டப் படத்தைவிட மேல் என்று இன்று நாம் தைரியமாகச் சொல்வதற்குப் பின்னால் அந்த இரண்டாவது சோதனையும் இருக்கிறது.

இங்கே புதுச்சேரிக்காரர்கள் பெருமைப்படலாம் என்பதற்காக ஒரு கிளைக்கதை. 1825-இல் ஜான் வாரன் என்ற ராணுவ அதிகாரி, புதுச்சேரியில் இருந்த பஞ்சாங்கக் கணிதர் ஒருவர் தரையில் சோழி பரப்பி, எண்களைச் சொற்களாக்கி மனப்பாடமாக வைத்திருந்த வாக்கியங்களைக் கொண்டு சந்திர கிரகணம் கணித்ததைப் பார்த்து எழுதி வைத்தார். அந்த ஆண்டு மே 31 இரவு நேர்ந்த கிரகணம் அது. கணிப்பு தொடக்கத்தில் 4 நிமிடமும், நடுவில் 23 நிமிடமும், முடிவில் 52 நிமிடமும் பிசகியது. ஆனால் படிகள் எழுத்தில் இருந்ததால், நியூகெபாயர் என்ற கணித வரலாற்று அறிஞர் 1952-இல் அந்தக் கணக்கை எடுத்துப் பிரித்து, அதன் முறை எவ்வளவு பழையது என்று ஆராய முடிந்தது. விடை பிசகியிருந்தும் 127 ஆண்டு கழித்து அது பயன்பட்டது என்றால், வழியை எழுதி வைத்ததால்தான்.

படி 1: வரையும் முன் ஒரு பக்கம் எழுதுங்கள்

என்ன கேள்வி, எந்தத் தரவு, எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை, எதை விலக்குவேன், என்ன வகைப் படம். இதை ஒரு பக்கத்தில் எழுதித் தேதி போட்டு, வழிகாட்டியின் மின்னஞ்சலுக்கு அனுப்பிவிடுங்கள். பின்னால் மனம் மாறலாம், தப்பில்லை. மாறியது எப்போது, ஏன் என்று மட்டும் தெரிந்தால் போதும். பத்துப் படம் வரைந்து பார்த்து, நமக்குப் பிடித்த முடிவைக் காட்டும் பதினோராவது படத்தை மட்டும் ஆய்வேட்டில் போடும் பழக்கத்துக்கு இது ஒரு கடிவாளம்.

படி 2: மூலத்தைப் பூட்டி வையுங்கள்

நான்கு ஃபோல்டர் போதும்: மூலம், இடை, நிரல், படம். "மூலம்" ஃபோல்டருக்குள் போனது எதையும் தொடக் கூடாது. திருத்தம் எல்லாம் நிரல் வழியாக நடந்து "இடை"யில் போய் விழ வேண்டும். "படம்" ஃபோல்டரை முழுக்க அழித்தாலும் ஒரே கட்டளையில் எல்லாம் திரும்ப வர வேண்டும். நிலத்தடியை அறிய அதிர்வலைகளை ஆராய்ந்த ஜான் கிளேர்பௌட் ஸ்டான்ஃபோர்டில் 1990-களின் தொடக்கத்திலேயே தம் மாணவர்களை இப்படிப் பழக்கினார். ஆய்வுக்கட்டுரையில் உள்ள படங்களை ஒரு கட்டளை எரிக்கும், இன்னொரு கட்டளை திரும்பக் கட்டும்.

மூலத்தோடு ஒரு குறிப்புக் கோப்பு இருக்கட்டும். எங்கிருந்து, எந்தத் தேதியில் இறக்கினோம், அலகு என்ன, ஒரு நாள் என்பது எப்போது தொடங்கி எப்போது முடிகிறது. அலகு என்பதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். நம் செய்தித்தாள்கள் செ.மீ.யில் எழுதும், மழைப் பதிவேடு மி.மீ.யில் இருக்கும், பழைய பதிவேடுகளில் அங்குலம் இருக்கும். கோப்புக்கு எஸ்எச்ஏ-256 கைரேகையும் எடுத்து அதே குறிப்பில் ஒட்டுங்கள். கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணினி கணக்கிட்டுத் தரும் 64 எழுத்துள்ள ஒரு சரம், அவ்வளவுதான். கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் அந்தச் சரம் அடையாளம் தெரியாமல் மாறிவிடும். இரண்டு பேரும் ஒரே கோப்பைத்தான் வைத்திருக்கிறோமா என்ற சண்டை பத்து விநாடியில் தீரும்.

பதிவேட்டைப் பார்த்துக் கையால் தட்டச்சு செய்தவர்கள், பக்கங்களைப் போட்டோ எடுத்து அதே ஃபோல்டரில் போடுங்கள். முடிந்தால் இரண்டு பேர் தனித்தனியாகத் தட்டச்சு செய்து, இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

எக்செல் பற்றி ஒரு வார்த்தை. சிஎஸ்வி கோப்பை இரட்டைச் சொடுக்கில் எக்செலில் திறந்து, "சும்மா பார்த்தேன் சார்" என்று சேமித்து மூடுவதுதான் நான் பார்த்ததில் மிகப் பெரிய விபத்து. கணினி அமெரிக்கத் தேதி முறையில் இருந்தால் 3-12-2015 என்பது மார்ச் 12 ஆகிவிடும். 13-12-2015-ஐ அதனால் தேதியாகப் படிக்க முடியாது, ஆகவே அது வெறும் எழுத்தாக நின்றுவிடும். விளைவு: மாதத்தின் முதல் 12 நாளில் ஒன்று தவிர மற்றவை வேறு மாதங்களுக்குச் சிதறிப் போகும், மீதி நாள்கள் கணக்கிலிருந்தே காணாமல் போகும். பிழைச் செய்தி எதுவும் வராது. படமும் அழகாகவே வரும். மரபணுப் பெயர்களைக்கூட எக்செல் இப்படித் தேதியாக மாற்றிக்கொண்டே இருந்ததால், 2020-இல் பெயர் சூட்டும் குழு சில மரபணுக்களின் பெயரையே மாற்றிவிட்டது. நம்மால் டிசம்பர் மாதத்தின் பெயரை மாற்ற முடியாது. தேதியை 2015-12-03 என்று ஆண்டு முன்னால் வரும்படி எழுதுங்கள். எக்செலில் திறந்தே ஆக வேண்டுமென்றால் ஒரு நகலைத் திறங்கள்.

படி 3: ஊர்ப் பெயர்கள்

இந்தப் படியை யாரும் வழிகாட்டிகளில் எழுதுவதில்லை. தமிழில் வேலை செய்கிறவர்களுக்கோ பாதி நேரம் இங்கேதான் போகிறது.

கடலூர் மாவட்ட மழை நிலையங்களின் பட்டியலை எடுத்துக்கொள்ளுங்கள். சேத்தியாத்தோப்பு, காட்டுமன்னார்கோயில், ஸ்ரீமுஷ்ணம், கொத்தவாச்சேரி, பரங்கிப்பேட்டை. ஒரு கோப்பில் மழை, இன்னொரு கோப்பில் அட்சரேகை, தீர்க்கரேகை. பெயரை வைத்து இரண்டையும் இணைத்தால் பரங்கிப்பேட்டை ஒட்டிக்கொள்ளும். மற்ற நான்கும் நழுவ வாய்ப்பு உண்டு. திரையில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

"கொத்தவாச்சேரி"யின் முதல் எழுத்தைப் பாருங்கள். யூனிகோடில் க-வுக்குப் பின் ஒகரக் குறி ஒன்றே ஒன்றாகவும் இருக்கலாம், அல்லது எகரக் கொம்பும் காலும் இரண்டு குறிகளாகவும் இருக்கலாம். கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு வெவ்வேறு சொற்கள். சேத்தியாத்தோப்பின் "தோ"வுக்கும் இதே கதை. ஸ்ரீமுஷ்ணத்தின் "ஸ்ரீ"யை ஸ-வைக் கொண்டும் எழுதலாம், ஶ-வைக் கொண்டும் எழுதலாம். பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே வடிவமாகத் தெரியும். "ஔ" வர வேண்டிய இடத்தில் ஒ-வும் ள-வும் சேர்த்துத் தட்டியிருப்பார்கள். காட்டுமன்னார்கோயில் ஓரிடத்தில் கோவில் ஆகியிருக்கும். ஆங்கிலப் பட்டியலாக இருந்தால் அது கோயில், கோவில், கோய்ல் என்று மூன்று விதமாக வரும்.

தீர்வு இரண்டு அடுக்கு. முதலில் எல்லாப் பெயர்களையும் என்எஃப்சி என்ற யூனிகோட் சீர்வடிவத்துக்கு மாற்றுங்கள். பைத்தான் நிரல்மொழியில் ஒரு வரி. கொம்பு, கால் பிரச்சினை இதில் தீர்ந்துவிடும். ஆனால் ஸ்ரீ-க்கோ கோவில்-கோயிலுக்கோ அது உதவாது. அதற்கு ஒரு பெயர் அட்டவணை வேண்டும்: இடப்பக்கம் கோப்பில் வந்த எல்லா வடிவங்களும், வலப்பக்கம் நிலையத்துக்கு நீங்கள் வைத்த ஓர் எண். அதன் பிறகு இணைப்பு எல்லாம் எண்ணால்தான், பெயரால் இல்லை. இணைத்த உடனே எத்தனை வரிசை இணையவில்லை என்று நிரல் அச்சிட வேண்டும். பூஜ்யம் இல்லாவிட்டால் அங்கேயே நின்றுவிட வேண்டும்.

எழுத்துக்கூட்டல் மட்டுமல்ல, பெயருக்குள் இருக்கும் நிலமும் மாறும். பாண்டிச்சேரி 2006-இல் அதிகாரப்பூர்வமாகப் புதுச்சேரி ஆனது. கடலூர் மாவட்டம் 1993-இல்தான் தென்னாற்காட்டிலிருந்து பிரிந்தது. ஆகவே 1991 மக்கள்தொகைக் கணக்கில் "கடலூர் மாவட்டம்" என்று தேடினால் கிடைக்காது. கிடைத்ததாக யாராவது படம் போட்டிருந்தால், தாலுகா தாலுகாவாகக் கூட்டியிருக்க வேண்டும். எந்தத் தாலுகாக்கள் என்று அவரிடம் கேளுங்கள்.

படி 4: விடுபட்டது பூஜ்யம் அல்ல

பதிவேட்டில் ஒரு நாள் காலியாக இருக்கிறது. மழை இல்லையா, அளக்க ஆள் இல்லையா? புயல் நாளில் பெரும்பாலும் இரண்டாவதுதான் காரணம். அந்த நாளைப் பூஜ்யம் என்று நிரப்பினால், அதிகம் கொட்டிய நாளையே வறண்ட நாளாகக் காட்டுவீர்கள். நாட்டைச் சதுரக் கட்டங்களாகப் பிரித்து மழையைத் தரும் வானிலைத் துறையின் கட்டத் தரவு 1901-இலிருந்து கிடைக்கிறது. அதில் விடுபட்ட இடத்துக்கு -999 என்று குறியீடு. அதை அப்படியே கூட்டி, ஆண்டு மழை எதிர்மறையாக வந்து விழித்த மாணவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் பாக்கியசாலிகள், தப்பு உடனே தெரிந்துவிட்டது. சராசரியில் ஒன்றிரண்டு கலந்து, எண் கொஞ்சமாகக் குறைந்து வந்தால்தான் ஆபத்து.

அதே கட்டத் தரவில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். ஒரு கட்டம் கால் பாகை, அதாவது பக்கத்துக்கு ஏறத்தாழ 27 கி.மீ. புதுச்சேரிப் பகுதி முழுவதும் 300 சதுர கி.மீ.க்குள் அடங்கும். ஒரே கட்டத்தில் பாதியைக்கூட நிரப்பாது. அதை வைத்து வில்லியனூருக்கும் பாகூருக்கும் மழை வித்தியாசம் என்று நிறம் தீட்டினால், நிரல் எத்தனை தடவை ஓடினாலும் அதே படம்தான் வரும். மீளுருவாக்கம் பாஸ். உண்மை ஃபெயில்.

சுத்தம் செய்யும் வேலை முழுதும் நிரலில் இருக்கட்டும் என்று சொல்வதற்கு, ரெய்ன்ஹார்ட், ரோகாஃப் என்ற இரு பொருளியலாளர்களின் கதை போதும். கடன் அதிகமான நாடுகளின் வளர்ச்சி பற்றிய அவர்களுடைய 2010 கட்டுரை உலகெங்கும் பேசப்பட்டது. 2013-இல் தாமஸ் ஹெர்ன்டன் என்ற மாணவர் அவர்களுடைய எக்செல் கோப்பைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். சராசரி எடுக்கும் சூத்திரம் 49-ஆவது வரிசை வரை போக வேண்டியது 44-இலேயே நின்றிருந்தது. ஐந்து நாடுகள் வெளியே. கோப்பைக் கொடுத்ததால்தான் தப்பு தெரிந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். கொடுக்காதவர்களுடைய தப்புகள் எங்கே இருக்கின்றனவோ!

படி 5: பதிப்பு எண்ணையும் விதையையும் குறித்துக்கொள்ளுங்கள்

"அதே நிரல்தான் சார், ஆனா நிறமெல்லாம் வேற வருது." பைத்தானில் படம் வரையும் நூலகமான மேட்பிளாட்லிப்பின் 2.0 பதிப்பு 2017-இல் வந்தபோது இயல்பு நிறவரிசையே மாறியது. வானவில் போன்ற ஜெட் போய் விரிடிஸ் வந்தது. ஆர் மொழியில் 3.6.0 பதிப்பு 2019-இல் வந்தபோது, ஒரே விதை எண்ணைக் (தற்செயல் எண்கள் ஒவ்வொரு தடவையும் ஒன்றாகவே வர நாம் கொடுக்கும் தொடக்க எண்) கொடுத்தாலும் மாதிரி எடுக்கும் கட்டளை வேறு எண்களைத் தந்தது. ஆக விதை எண் மட்டும் போதாது, பதிப்பும் வேண்டும். நீங்கள் பயன்படுத்தும் நூலகங்களின் (நிரலுக்குள் அழைக்கும் ஆயத்த நிரல் தொகுப்புகளின்) பெயரையும் பதிப்பையும் ஒரு கோப்பில் எழுதி நிரலோடு வையுங்கள். நிறம், அகலம், எழுத்தளவு எதையும் "இயல்பாக வரட்டும்" என்று விடாமல் நிரலில் நீங்களே எழுதிவிடுங்கள்.

கோப்பில் செய்த ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்து வைக்கும் கிட் என்ற மென்பொருள் தெரிந்தால் பயன்படுத்துங்கள். தெரியாவிட்டால் கற்றுக்கொள்ள ஒரு சனிக்கிழமை போதும். "ஃபைனல்", "ஃபைனல்-2", "ஃபைனல்-சார்-சொன்னது", "ஃபைனல்-ஒரிஜினல்" என்ற கோப்புகள் உங்கள் ஃபோல்டரில் இருந்தால் உங்களுக்கு அது கட்டாயம் தேவை.

படி 6: நோட்டுப்புத்தகத்தை மேலிருந்து ஓட்டுங்கள்

நிரலைக் கட்டம் கட்டமாக எழுதி ஓட்டும் கணினி நோட்டுப்புத்தகமான ஜூபிட்டரில் வேலை செய்வோர் மூன்றாம் கட்டத்தை ஓட்டி, ஏழுக்குப் போய், திரும்ப ஐந்தைத் திருத்தி, நடுவில் ஒன்றை அழித்து, கடைசியில் படம் வந்ததும் சேமித்துவிடுவார்கள். அழித்த கட்டத்தில் இருந்த மாறி, அதாவது பெயரிட்டு வைத்த மதிப்பு, இன்னும் நினைவகத்தில் உயிரோடு இருக்கும். நாளைக்குத் திறந்தால் இருக்காது. 2019-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் கிடந்த லட்சக்கணக்கான நோட்டுப்புத்தகங்களைத் திரும்ப ஓட்டிப் பார்த்தது. ஓட்டிப் பார்த்தவற்றில் பிழையில்லாமல் ஓடி முடிந்தவை சுமார் 24 சதவீதம். அதே விடையைத் தந்தவை சுமார் 4 சதவீதம். ஒவ்வொரு நாள் வேலை முடிவிலும் எல்லாவற்றையும் அழித்து மேலிருந்து கீழ் ஒரே மூச்சில் ஓட்டுங்கள். ஓடாவிட்டால் அன்றைய வேலை இன்னும் முடியவில்லை.

படி 7: படத்துக்குள் எடுத்த முடிவுகள்

நிரல் திரும்ப ஓடினால் மட்டும் படம் சரி என்று ஆகிவிடாது. ஒரு நிலப்படத்தை நிறத்தால் தீட்டும்போது நீங்கள் எடுக்கும் சிறு முடிவுகள்தான் வாசகர் காணும் உண்மையைத் தீர்மானிக்கின்றன. அவற்றை எழுதாவிட்டால் யாரும் சரிபார்க்கவும் முடியாது.

மழையை ஐந்து வகுப்பாகப் பிரிக்கிறீர்கள் என்று வையுங்கள். சம இடைவெளியில் பிரித்தால், புயல் கொட்டிய ஓர் ஊர் மட்டும் கருநீலமாகி மற்றவை எல்லாம் வெளிறிப்போகும். ஊர்களின் எண்ணிக்கை சமமாக இருக்கும்படி பிரித்தால், மாவட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கு கருநீலமாகும். தரவு ஒன்றுதான். முதல் படத்தைப் பார்க்கும் அதிகாரி ஓர் ஊருக்குப் படகு அனுப்புவார், இரண்டாவதைப் பார்ப்பவர் ஐந்தில் ஒரு பங்கு ஊர்களுக்கு அனுப்புவார். வகுப்பு எல்லைகளை எண்ணாக நிரலில் எழுதி, படத்தின் அடியிலும் போடுங்கள். இரண்டு வகையிலும் வரைந்து பார்த்து, முடிவு மாறினால் அதைக் கட்டுரையில் ஒப்புக்கொள்ளுங்கள்.

அடுத்தது எல்லைக்கோடு. புதுச்சேரிப் பகுதி ஒரே துண்டாக இல்லை. கடலூர், விழுப்புரம் மாவட்டங்களுக்கு நடுவே சிதறிக் கிடக்கிறது. கடலூரிலிருந்து பாகூர் பக்கம் பஸ்ஸில் போனவர்களுக்குத் தெரியும், எப்போது மாநிலம் மாறினோம் என்பதைச் சில இடங்களில் கடைப் பலகையைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். இணையத்தில் கிடைக்கும் சில எல்லைக் கோப்புகள் இந்தச் சிதறலை வழித்துத் தட்டையாக்கியிருக்கும். எந்தக் கோப்பு, எந்தத் தேதியுடையது என்று சொல்லுங்கள். "புதுச்சேரி" என்று நீங்கள் சொல்வது நகரமா, பகுதியா, ஒன்றியப் பிரதேசமா என்பதையும் சொல்லுங்கள். பிரதேசம் என்றால் காரைக்கால் மட்டுமல்ல, கேரளக் கரையில் உள்ள மாஹேயும் ஆந்திராவில் கோதாவரி ஓரம் உள்ள யானமும் சேரும். மாஹேக்கு மழை தருவது பெரும்பாலும் தென்மேற்குப் பருவக்காற்று, நமக்கு வடகிழக்கு. நான்கையும் சராசரி எடுத்து ஒரு கோடு போட்டால் அந்த மழை எந்த ஊரிலும் பெய்யாத மழை.

தமிழ் எழுத்துப் பிரச்சினை ஒன்று இங்கே மிச்சம் இருக்கிறது. மேட்பிளாட்லிப் நெடுங்காலமாகத் தமிழ் எழுத்துகளைச் சேர்த்து அமைக்கத் தெரியாமல் இருந்தது. "நெய்வேலி" என்று கொடுத்தால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். பலர் இதைப் பார்த்துவிட்டு, படத்தை மட்டும் வரைந்து, ஊர்ப் பெயர்களைப் பெயின்ட்டிலோ பவர்பாயின்ட்டிலோ கையால் ஒட்டுகிறார்கள். அந்த நிமிடமே சங்கிலி அறுந்துவிட்டது. கையால் ஒட்டிய பெயர் ஒரு புள்ளி தள்ளி உட்கார்ந்தாலும் கேட்க ஆளில்லை. எஸ்விஜி என்ற படக் கோப்பு வடிவத்தில் எழுத்தை எழுத்தாகவே சேமித்து உலாவியில் திறந்தால், உலாவி தமிழைச் சரியாகக் கோத்துக் காட்டும். எந்த எழுத்துரு என்பதையும் குறித்து வையுங்கள். ஆயிரம் தடவை சொல்லிவிட்டேன், படத்தைக் கையால் தொடாதீர்கள்.

ஒவ்வொரு படத்துக்கும் பின்னால் உள்ள எண்களை ஒரு சிறு அட்டவணையாகச் சேமியுங்கள். படத்தை ஒப்பிடுவது கஷ்டம், எண்ணை ஒப்பிடுவது எளிது. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் 1960-களில் வெளியிடத் தொடங்கிய தாவர நிலப்படத் தாள்களைப் பார்த்திருக்கிறீர்களா? தாளோடு ஒரு விளக்க நூலும் வரும். எந்த நிறம் எந்தத் தட்பவெப்பத்தைக் காட்டுகிறது, வகை எப்படிப் பிரித்தார்கள் என்றெல்லாம் அதில் இருக்கும். கணினி கைக்கெட்டாத காலத்திலேயே அந்தப் பழக்கம் நம் ஊரில் இருந்திருக்கிறது.

படி 8: ஆட்களை வைத்துச் சோதித்தால்

புயல் எச்சரிக்கைப் படத்தை மீனவர்கள் எப்படிப் படிக்கிறார்கள் என்பது போன்ற ஆய்வுக்கு நம் கரையைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது. அப்படிச் செய்கிறவர்கள், காட்டிய எல்லாப் படங்களையும், காட்டிய வரிசையையும், கேட்ட கேள்வியின் தமிழ் வாசகத்தையும் அப்படியே வைத்திருங்கள். "எங்கே ஆபத்து அதிகம்?" என்று கேட்பதும் "எங்கே போக மாட்டீங்க?" என்று கேட்பதும் ஒரே கேள்வி இல்லை. யாருடைய பதிலை எதற்காக விலக்குவேன் என்பதைச் சோதனைக்கு முன்பே எழுதுங்கள்.

பதில்களை வெளியிடும்போது பெயரை எடுத்துவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். சின்ன மீனவக் குப்பத்தில் "வயது 62, விசைப்படகு உரிமையாளர், பெண்" என்று போட்டால் யார் என்று ஊருக்கே தெரியும். வயதைப் பத்துப் பத்தாகத் தொகுத்து, ஊர்ப் பெயரை மாவட்டமாக மாற்றிக் கொடுங்கள். அனுமதி வாங்கும்போதே, பெயரில்லாமல் மற்ற ஆய்வாளர்களுக்கும் கொடுப்போம் என்று சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

படி 9: அடுத்த மேசைச் சோதனை

ஃபோல்டரை ஒரு பென்டிரைவில் போட்டு, உங்கள் ஆய்வைப் பற்றி ஒன்றும் தெரியாத ஒருவரிடம் கொடுங்கள். அவருடைய கணினியில் ஓட்டச் சொல்லுங்கள். நீங்கள் பக்கத்தில் உட்காருங்கள், வாயைத் திறக்காதீர்கள். இதுதான் கஷ்டமான பகுதி. அவர் தடுமாறும் இடத்தில் எல்லாம் உங்கள் நாக்கு துறுதுறுக்கும். சொல்வதற்குப் பதிலாக ஒரு தாளில் எழுதுங்கள். அந்தத் தாள்தான் உங்கள் குறிப்புக் கோப்பில் விடுபட்டவற்றின் பட்டியல்.

முதல் தடவை யாருக்கும் ஓடியதில்லை. கோப்பின் பாதையில் உங்கள் பெயர் இருக்கும், எழுத்துரு அவர் கணினியில் இருக்காது, ஒரு நூலகம் இருக்காது. மூன்றாவது தடவை ஓடும். ஓடிய பிறகு ஒரு படத்தை மட்டும் நிரலே இல்லாமல், குறிப்பை மட்டும் படித்து, அவருக்குத் தெரிந்த மென்பொருளில் வரையச் சொல்லுங்கள். நம் நவம்பர், டிசம்பர் தகராறு போன்றவை இந்தக் கட்டத்தில்தான் வெளிவரும். அதே நிரலை ஓட்டினால் அதே தப்பும் அச்சு அசலாகத் திரும்ப வரும் அல்லவா?

துறைத் தலைவர்களுக்கும் வழிகாட்டிகளுக்கும் இங்கே ஒரு வேண்டுகோள். மாணவர்கள் நிரலைக் காட்டக் கூச்சப்படுவதற்குச் சோம்பல் காரணமில்லை, பயம்தான் காரணம். ஆய்வேட்டின் நன்றியுரையில் சரிபார்த்தவர் பெயரைப் போடச் சொல்லுங்கள். இளைய மாணவர்களின் முதல் பருவப் பயிற்சியாக, சீனியர் அக்கா ஒருவர் ஆய்வேட்டில் போட்ட ஒரு படத்தைத் திரும்ப வரையச் சொல்லுங்கள். தப்பு கண்டுபிடித்தால் முழு மதிப்பெண், கண்டுபிடிக்காவிட்டாலும் முழு மதிப்பெண். அந்த அக்காவிடம் "உங்க படம் பயிற்சிக்குப் போகுது" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வைவாவில் புறத்தேர்வாளர் ஒருவர் "இந்த மூன்றாம் படத்தை இப்போதே ஓட்டிக் காட்டுங்கள்" என்று ஒரு முறை கேட்டால் போதும், அடுத்த ஆண்டு அந்தத் துறையில் எல்லார் ஃபோல்டரும் ஒழுங்காக இருக்கும்.

படி 10: பத்திரப்படுத்துங்கள், தப்பைத் திருத்துங்கள்

பென்டிரைவும் வாட்ஸ்அப்பும் காப்பகம் ஆகாது. கல்லூரி இணையதளமும் அடுத்த புதுப்பிப்பில் காணாமல் போகும். ஐரோப்பிய அணு ஆய்வு மையமான செர்ன் நடத்தும் ஜெனோடோவில் இலவசமாகப் போடலாம். 2013-இலிருந்து இயங்குகிறது, ஒரு பதிவுக்கு 50 ஜிபி வரை இடம், பதிவை எப்போதும் தேடி எடுக்க உதவும் நிலையான டிஓஐ எண்ணும் கிடைக்கும். தரவை மற்றவர் பயன்படுத்தலாமா என்று உரிமக் குறிப்பும் சேர்த்து எழுதுங்கள். அரசுத் துறையிடம் வாங்கிய தரவை மறுவெளியீடு செய்ய அனுமதி இல்லையென்றால், எப்படி வாங்குவது என்ற வழியையும் கோப்பின் கைரேகையையும் மட்டும் போடுங்கள். கட்டுரை பொறியாளர் சங்கமான ஐட்ரிபிள்இ-யின் காட்சிப்படுத்தல் இதழில் வெளிவந்தால், உங்கள் நிரல் கட்டுரைப் படங்களைத் திரும்பத் தருகிறது என்று சோதித்துத் தரும் கிராஃபிக்ஸ் ரெப்ளிகபிலிட்டி முத்திரைக்கும் விண்ணப்பிக்கலாம்.

வெளியிட்ட பிறகு தப்பு தெரிந்தால் பழைய பதிவை அழிக்காதீர்கள். புதிய பதிப்பை ஏற்றி, என்ன மாறியது, எந்தப் படம், எந்த எண் என்று மேலே எழுதுங்கள். கண்டுபிடித்துச் சொன்னவர் பெயரை, அவர் சம்மதித்தால், போடுங்கள்.

எங்கள் மழைப் படத்தின் அடியில் இப்போது இந்த வாசகம் இருக்கிறது, தேவைப்பட்டால் எடுத்துக்கொள்ளுங்கள்: "அலகு மி.மீ. ஒரு நாள் என்பது முந்தைய நாள் காலை 8.30 முதல் குறித்த நாள் காலை 8.30 வரை. ஆகவே 2024 நவம்பர் 30 காலை 8.30-க்குப் பின் பெய்த மழை டிசம்பர் பட்டையில் உள்ளது. நள்ளிரவுக் கணக்கில் வரைந்த படம் இதே ஃபோல்டரில் இரண்டாவது கோப்பாக உள்ளது. விடுபட்ட நாள்கள் பட்டையின் மேல் சிறு வட்டமாகக் காட்டப்பட்டுள்ளன. பூஜ்யமாகக் கொள்ளப்படவில்லை."